பழைய ‘ஹாப்பி ஃபேமிலீஸ்’ சீட்டு அசலா, மறுபதிப்பா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

லண்டனின் ஜேக்ஸ் நிறுவனம் 1851 வாக்கில் கொண்டுவந்த குழந்தைகள் சீட்டாட்டம் இது. ரொட்டிக்காரர் மிஸ்டர் பன், அவர் மனைவி, மகன், மகள் என்று குடும்பத்துக்கு 4 சீட்டு. மறுபதிப்பு என்பது பழைய சீட்டைப் படமெடுத்துத் திரும்ப அச்சிட்டது.

10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் முதலில் படத்தின் கறுப்புக் கோட்டைப் பாருங்கள், வண்ணத்தை அல்ல. அசலில் மை அறுபடாமல் ஓடும். கறுப்புக்கென்றே தனி அச்சு இருந்ததுதான் காரணம். படமெடுத்து அச்சிடும்போது கோடும் சேர்ந்து வண்ணப் புள்ளிகளாக உடைந்து, சல்லடைத் துளை மாதிரி வரிசையாகத் தெரியும். கன்னத்துச் சிவப்பு கோட்டைத் தாண்டியிருந்தால் பழுது என்று ஒதுக்காதீர்கள். நிறங்கள் தனித்தனியாக ஏறியதன் தடம் அது. இந்தச் சீட்டுகளின் அழகே அதில்தான்.

அட்டை மஞ்சளாக இருந்தாலே பழசு என்று பலர் நம்புகிறார்கள். அமிலம் மிகுந்த மலிவான அட்டை 30, 40 வருடத்திலேயே மஞ்சளாகிவிடும்.