அமெரிக்க நடுநிலைப் பள்ளியில் ‘இங்கிலீஷ் லாங்குவேஜ் ஆர்ட்ஸ்’ என்றால் என்னதான் சொல்லித் தருகிறார்கள்?

மகன் ஆறாம் வகுப்புக்குப் போகிறான், அட்டவணையில் ஈ.எல்.ஏ. என்று போட்டிருக்கிறது, வீட்டுக்குப் பாடப்புத்தகம்கூட வரவில்லை, இதில் என்ன படிப்பார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். என் மகள் இந்த ஜூனில்தான் எட்டாம் வகுப்பை முடித்தாள். மூன்று வருடம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

ஆறாம் வகுப்புத் தொடக்கத்தில் ஒரு சிறுகதையைப் படித்துவிட்டு, “அந்தப் பையன் அப்பாவை நினைத்து ஏங்குகிறான்” என்று எழுதிக் கொடுத்திருந்தாள். சரியான பதில்தான். ஆனாலும் நான்குக்கு இரண்டு மதிப்பெண்தான் கிடைத்தது. “எந்த வரி உனக்கு இதைச் சொன்னது?” என்று ஆசிரியை ஓரத்தில் எழுதியிருந்தார். அந்தக் கதையில் ஏக்கம் என்ற சொல்லே கிடையாது. அப்பாவின் பழைய சட்டையைத் துவைக்கப் போடாமல் அவன் தலையணைக்கு அடியில் வைத்திருந்தான் என்று ஒரு வரி மட்டும் வருகிறது. அதை மேற்கோளாகக் காட்டி, அதிலிருந்து ஏக்கம் எப்படித் தெரிகிறது என்று இரண்டு வாக்கியம் சேர்த்து எழுதிய பிறகுதான் மீதி இரண்டும் வந்தன.

இந்த வகுப்பின் மையமே இதுதான். நம் இலக்கணத்தில் உய்த்துணர்தல் என்கிறோமே, அதை நாள்தோறும் பழக்குகிறார்கள். உணர்ந்தால் மட்டும் போதாது, எங்கிருந்து உணர்ந்தாய் என்றும் காட்ட வேண்டும்.

எந்த வகுப்பில் என்னென்ன திறன் வர வேண்டும் என்று வரையறுத்து 2010இல் வெளிவந்த ‘காமன் கோர்’ தரநிலைகளைத்தான் பெரும்பாலான மாநிலங்கள் அடிப்படையாக வைத்திருக்கின்றன. சில மாநிலங்கள் பெயரை மாற்றிக் கொஞ்சம் திருத்திக்கொண்டன. டெக்சாசுக்கும் வர்ஜீனியாவுக்கும் தனித் தரநிலைகள் உண்டு. காமன் கோரில் இந்த ஆதாரம் காட்டும் திறன் எப்படி வளர்கிறது என்று பாருங்கள். ஆறாம் வகுப்பில் ஆதாரம் காட்டினால் போதும். ஏழாம் வகுப்பில் ஒன்றுக்கு மேற்பட்ட ஆதாரங்கள் வேண்டும். எட்டில், இருப்பவற்றிலேயே மிக வலுவானது எது என்று தேர்ந்தெடுக்க வேண்டும். படிக்கச் சின்ன வேறுபாடாகத் தெரியும். ஆனால் நான்கு மேற்கோள்களை மேசையில் பரப்பி வைத்துக்கொண்டு, மூன்றை ஏன் ஒதுக்க வேண்டும் என்று பதின்மூன்று வயதுப் பிள்ளை யோசிப்பதைப் பார்த்தால்தான் அதன் அருமை தெரியும்.

எழுத்திலும் இதே ஏற்றம்தான். கதை எழுதுதல், விளக்கி எழுதுதல், வாதிட்டு எழுதுதல் என்று மூன்று வகை. வாதக் கட்டுரையில்தான் எங்கள் வீட்டில் அதிக நேரம் போனது. ஆறில், தன் கருத்தைச் சொல்லிக் காரணம் காட்டினால் சரி. ஏழாம் வகுப்பிலிருந்து எதிர்த்தரப்பு என்ன சொல்லும் என்பதையும் கட்டுரைக்குள் கொண்டுவர வேண்டும். வீட்டுப்பாடமே கூடாது என்று எழுத ஆரம்பித்தவள், மறுதரப்பைத் தேடிப் படித்த பிறகு தன் கருத்தையே பாதி மாற்றிக்கொண்டு, ‘குறைக்க வேண்டும்’ என்று முடித்தாள். அதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

ஒரே கட்டுரை மூன்று நான்கு வரைவு காணும். நடுவில் சக மாணவர்கள் படித்துக் கருத்துச் சொல்வார்கள். முதல் வரைவில் பிழைகள் இருக்கிறதே என்று நீங்கள் உட்கார்ந்து திருத்திக் கொடுக்காதீர்கள். நான் ஒருமுறை அப்படிச் செய்தேன்; தன் வாக்கியம் எதற்காக மாறியது என்று வகுப்பில் அவளால் சொல்ல முடியவில்லை.

கதை, கவிதை, நாடகம் மட்டும்தான் படிப்பார்கள் என்று நினைக்க வேண்டாம். சொற்பொழிவுகள், கட்டுரைகள், வாழ்க்கை வரலாறுகள், செய்திகள் என்று தகவல் சார்ந்தவையும் நிறைய வரும். எழுதியவர் எந்த நோக்கத்தில் எழுதினார், சொன்னதற்குப் போதுமான சான்று தந்திருக்கிறாரா என்று அங்கேயும் அதே கேள்விகள்தான்.

இலக்கணம் உண்டு, ஆனால் கொஞ்சம் கொஞ்சமாகத்தான். ஆறில் பிரதிப்பெயர்களைச் சரியாகப் பயன்படுத்துவது, ஏழில் சொற்றொடர், துணைவாக்கிய அமைப்பு, எட்டில் செய்வினை, செயப்பாட்டுவினை எல்லாம் வரும். சொல்வளத்துக்கு மனப்பாடப் பட்டியலைவிட கிரேக்க, லத்தீன் வேர்களையே அதிகம் நம்புகிறார்கள். கேட்டலைக் குறிக்கும் ‘ஆடி’ என்ற லத்தீன் வேர் தெரிந்தால் ஆடியன்ஸ், ஆடிபிள், ஆடிட்டோரியம் மூன்றும் ஒன்றாகப் புரியும். நம் பிள்ளைகளுக்கு இது நன்றாகப் பிடிக்கும். வீட்டில் தமிழ் வேர்ச்சொல் விளையாட்டாகவும் ஆடலாம்.

வகுப்பு விவாதத்துக்கும் மதிப்பெண் உண்டு. உங்கள் மகன் கூச்ச சுபாவமுள்ளவன் என்றால் இதை முன்கூட்டியே ஆசிரியரிடம் சொல்லிவிடுங்கள். பள்ளி திறந்ததும் பெற்றோரை அழைக்கும் மாலையில் ‘ரூப்ரிக்’ என்ற மதிப்பீட்டு அட்டவணையைக் கேட்டு வாங்குங்கள். எந்த வேலைக்கு எதற்காக எவ்வளவு மதிப்பெண் என்று அதில் இருக்கும். பாடப்புத்தகம் இல்லாத குறை அதோடு பாதி தீர்ந்துவிடும்.