அச்சிசன் சொன்னதும் சொல்லாமல் விட்டதும்

அன்புள்ள ஐயா,

சென்ற மாதக் கட்டுரையில், பிரிட்டன் ஒரு பேரரசை இழந்துவிட்டது, தனக்கான புதிய இடத்தை இன்னும் கண்டுபிடிக்கவில்லை என்று அமெரிக்க முன்னாள் வெளியுறவு அமைச்சர் டீன் அச்சிசன் சொன்ன வரியை எடுத்துப் போட்டு, அறுபது ஆண்டு கழித்தும் அது பொய்யாகவில்லை என்று எழுதியிருந்தீர்கள். படித்ததும் மனசு சங்கடப்பட்டது. அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் லண்டனுக்குத் தெற்கே க்ராலியில் இருக்கிறேன். பிள்ளைகள் இரண்டு பேரும் இங்கேயே பிறந்தவர்கள். டல்லாஸில் இருக்கும் என் சித்தி மகன், குடும்ப வாட்ஸப் குழுவில் தினமும் யாராவது ஓர் அமெரிக்கர் பேசும் வீடியோவைப் போடுகிறான். பிரிட்டன் மிசிசிப்பியைவிட ஏழை, ஃபேஸ்புக்கில் எழுதினால் போலீஸ் வீட்டுக்கு வரும், ராணுவம் பெயருக்குத்தான் இருக்கிறது, அமெரிக்கா கைவிட்டால் அந்த நாடு அவ்வளவுதான். இப்படியே போகும். உடனே மதுரையிலிருந்து மாமாவும் பெரியப்பாவும் "நம்மை ஆண்டவனுக்கு நல்லா வேணும்" என்று சேர்ந்துகொள்வார்கள். நான் வரி கட்டும் நாடு, என் பிள்ளைகளின் நாடு. அந்த அமெரிக்கர்கள் சொல்வது சரிதானா? சரியென்றால் நான் வாயை மூடிக்கொள்கிறேன். இல்லையென்றால் என்ன பதில் சொல்வது?

ர.

அன்புள்ள ர.,

அவர்கள் சொல்வதில் பெரும்பகுதி உண்மை. அதை முதலில் ஒத்துக்கொண்டுவிடுவோம். 2008 நிதி நெருக்கடிக்குப் பிறகு பிரிட்டனில் விலைவாசியைக் கழித்துப் பார்த்தால் சம்பளம் ஏறவே இல்லை என்று சொல்லலாம். லண்டனிலிருந்து வடக்கே போக வேண்டிய அதிவேக ரயில் பாதையைப் பாதியில் வெட்டி, பர்மிங்காமோடு நிறுத்திக்கொள்வதாக 2023 அக்டோபரில் அறிவித்தார்கள். அந்தப் பாதையில் வௌவால்களைக் காப்பாற்ற மட்டும் 10 கோடி பவுண்டில் ஒரு கூரை கட்டுகிறார்கள். மிசிசிப்பிக் கணக்கும் ஒருவகையில் சரி. ஆளுக்கு இவ்வளவு என்று உற்பத்தியை வகுத்தால் அப்படி வருகிறது. ஆனால் மிசிசிப்பியில் பிறக்கும் குழந்தை, பிரிட்டனில் பிறக்கும் குழந்தையைவிடச் சுமார் எட்டு ஆண்டு குறைவாக வாழும் என்பதும் கணக்குதான். அந்தக் கணக்கை வீடியோக்காரர்கள் சொல்வதில்லை.

போலீஸ் விஷயத்தில் நான் அமெரிக்கர்கள் பக்கம். 1988-லும் 2003-லும் வந்த இரண்டு சட்டங்களின் கீழ், மனம் புண்படும்படி செய்தி அனுப்பியதற்காக 2023-இல் மட்டும் 12,000 பேருக்கு மேல் கைதானார்கள். இதில் மிரட்டலும் உண்டு, பிரிந்துபோன மனைவிக்கு விடாமல் செய்தி அனுப்பித் தொல்லை கொடுத்தவர்களும் உண்டு. தண்டனை வரை போனவை கொஞ்சம்தான். இருந்தாலும் "மிகவும் அருவருப்பானது" என்ற அளவுகோலைப் போலீஸ்காரர் கையில் கொடுப்பது ஆபத்து. 2025 பிப்ரவரியில் ம்யூனிக்கில் துணை அதிபர் வான்ஸ் பிரிட்டனைச் சாடியபோது, சொன்னவர் யார் என்பதற்காக அந்த விமர்சனத்தைத் தள்ளிவிட முடியாது என்றே நினைத்தேன். அடுத்த மாதமே அவருடைய அரசு, பல்கலைக்கழகப் பத்திரிகையில் காஸா பற்றிக் கட்டுரை எழுதிய ஒரு வெளிநாட்டு மாணவியின் விசாவை ரத்து செய்து, முகமூடி அணிந்த அதிகாரிகளை அனுப்பித் தெருவில் வைத்துப் பிடித்துக்கொண்டு போனது. பேச்சுரிமையில் அக்கறை உள்ளவர்கள் இரண்டையும் எதிர்க்க வேண்டும். நான் எதிர்க்கிறேன்.

இனி அச்சிசனுக்கு வருகிறேன். அந்த வரியை நான் இன்னமும் ஏற்கிறேன். ஆனால் அந்த வரிக்குப் பின்னால் நடந்தது தெரியாமல் அமெரிக்க விமர்சனத்தைப் படித்தால் பாதிதான் புரியும்.

1962 டிசம்பர் 5. வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரியில் அச்சிசன் பேசுகிறார். ட்ரூமன் காலத்தில் வெளியுறவு அமைச்சராக இருந்தவர். அப்போது பதவியில் இல்லை என்றாலும் கென்னடி அவரைக் கூப்பிட்டு ஆலோசனை கேட்பார். பிரிட்டனை வெறுத்தவர் என்று சொல்லவே முடியாது. அவருடைய அப்பா இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்காவில் பிஷப் ஆனவர். உரை பெரும்பாலும் ஐரோப்பாவையும் நேட்டோவையும் பற்றியது, பிரிட்டனுக்கு ஒதுக்கியது சில வாக்கியங்கள்தான். பிரிட்டன் ஒரு பேரரசை இழந்துவிட்டது, தனக்கான புதிய இடத்தை இன்னும் கண்டுபிடிக்கவில்லை என்றார். எல்லாரும் இதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அவர் நிறுத்தவில்லை. ஐரோப்பாவிலிருந்து விலகி நின்று, அமெரிக்காவோடு தனி உறவு இருக்கிறது என்பதை நம்பி, அமைப்போ ஒற்றுமையோ பலமோ இல்லாத காமன்வெல்த்துக்குத் தலைமை என்பதை நம்பி, தனி வல்லரசாக நடந்துகொள்ளப் பார்ப்பதெல்லாம் ஏறக்குறைய முடிந்துபோன கதை என்றார்.

லண்டன் கொதித்தது. பிரதமர் மக்மில்லன் எழுதிய பதில் பத்திரிகைகளில் வெளியானது. ஸ்பெயினின் பிலிப், பதினான்காம் லூயி, நெப்போலியன், கெய்சர், ஹிட்லர் ஆகியோர் பிரிட்டனைக் குறைத்து மதிப்பிட்டுச் செய்த தவறையே அச்சிசனும் செய்திருக்கிறார் என்பது அந்தப் பதில்.

அந்த மாதம் முடிவதற்குள் பஹாமாஸ் தீவில் நசாவ் நகரத்தில் மக்மில்லனும் கென்னடியும் சந்தித்தார்கள். பிரிட்டன் தன் சொந்த ஏவுகணைத் திட்டத்தை 1960-லேயே கைவிட்டிருந்தது. விமானத்திலிருந்து ஏவும் ஸ்கைபோல்ட் ஏவுகணையைத் தருகிறோம் என்று அமெரிக்கா வாக்குக் கொடுத்திருந்ததை நம்பித்தான் அப்படிச் செய்தது. அதையொட்டியே ஸ்காட்லாந்தின் ஹோலி லாக் துறைமுகத்தில் அமெரிக்க நீர்மூழ்கிகளுக்கும் இடம் கொடுத்தது. இப்போது ஸ்கைபோல்ட் சரிவரவில்லை என்று அமெரிக்கா அதை ரத்து செய்துவிட்டது. பிரிட்டன் நடுத்தெருவில் நின்றது. பிரிட்டனுக்கு அணு ஆயுதம் கொடுத்துக் கொடுத்துத் தனி வல்லரசுக் கனவை வளர்க்கக் கூடாது, ஐரோப்பாவுக்குள் தள்ள வேண்டும் என்பது அமெரிக்க வெளியுறவுத் துறையில் ஜார்ஜ் பால் போன்றோரின் கருத்து. அச்சிசன் சொன்னதும் அதையேதான். கென்னடி அவர்களைக் கேட்கவில்லை. நண்பர் மக்மில்லனின் ஆட்சி கவிழ்ந்துவிடும் என்று பயந்து, நீர்மூழ்கியிலிருந்து ஏவும் போலாரிஸ் ஏவுகணைகளைத் தரச் சம்மதித்தார். மூன்று வாரம் கழித்து, 1963 ஜனவரி 14 அன்று, பிரிட்டன் ஐரோப்பியச் சமூகத்தில் சேரக் கூடாது என்று பிரெஞ்சு அதிபர் டிகால் கதவைச் சாத்தினார். அதற்கு அவருக்கு வேறு காரணங்களும் இருந்தன, ஆனால் நசாவ் அவர் சந்தேகத்தை உறுதி செய்தது.

பாருங்கள், முடிந்துபோன கதை என்று அச்சிசன் சொன்ன அந்தக் கதையை அதே மாதத்தில் அமெரிக்காவே நீட்டித்தது. போலாரிஸுக்குப் பின் வந்த பிரிட்டனின் ட்ரைடெண்ட் ஏவுகணைகள் இன்றும் அமெரிக்காவுடன் பொதுவான கிடங்கிலிருந்துதான் வருகின்றன. அந்தக் கிடங்கு ஜார்ஜியா மாநிலத்தில் கிங்ஸ் பே என்ற இடத்தில் இருக்கிறது. பிரிட்டன் சொந்தக் காலில் நிற்கவில்லை என்று கேலி செய்யும் அமெரிக்கர், அது அப்படி நிற்காமல் இருப்பதில் தன் நாட்டுக்கு இருந்த ஆதாயத்தைச் சொல்வதே இல்லை. எனக்கு அவர்களோடு உள்ள சண்டை இந்த ஒன்றில்தான்.

இதே போலாரிஸின் பில்லில்தான் இந்துமகா சமுத்திரத்தில் இருக்கும் சாகோஸ் தீவு மக்களின் கதையும் இருக்கிறது. நீங்கள் க்ராலி என்று எழுதியதும் எனக்கு அவர்கள் நினைவுதான் வந்தது. பிரிட்டனில் சாகோஸ்காரர்கள் அதிகமாக வாழும் ஊர் உங்கள் ஊர். கேட்விக் விமான நிலையத்தில் வேலை செய்பவர்கள், உங்கள் பிள்ளைகளோடு படிப்பவர்கள் என்று அவர்களை நீங்கள் பார்த்திருக்கக்கூடும். அவர்களின் முன்னோர் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள். பிறகு தென்னிந்தியாவிலிருந்தும் ஒப்பந்தக் கூலிகள் போய்ச் சேர்ந்தார்கள். தென்னந்தோப்பும் கொப்பரையும்தான் பிழைப்பு. இந்துமகா சமுத்திரத்தின் நடுவே ஒரு தளம் வேண்டும், அங்கே ஆள் யாரும் இருக்கக் கூடாது என்று அமெரிக்கா கேட்டது. 1965-இல், மொரிஷியஸ் விடுதலை பெறுவதற்கு மூன்று ஆண்டு முன்னால், பிரிட்டன் இந்தத் தீவுகளை அதிலிருந்து பிரித்துத் தனியாக எடுத்துக்கொண்டது. அமெரிக்கா இதற்குக் கொடுத்த விலை, போலாரிஸ் ஏவுகணைகளின் ஆராய்ச்சிச் செலவுக்காகப் பிரிட்டன் கட்ட வேண்டியதில் 1 கோடியே 40 லட்சம் டாலர் தள்ளுபடி. அமெரிக்க காங்கிரஸுக்கும் தெரியாது, பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கும் தெரியாது.

1968-லிருந்து 1973-க்குள் 1,500 பேருக்கு மேல் அப்புறப்படுத்தப்பட்டார்கள். அவர்கள் அங்கே காலங்காலமாக வாழ்பவர்களே அல்ல, வந்து போகும் கூலிகள் என்று பிரிட்டிஷ் அதிகாரிகள் ஐ.நா.வுக்குக் கணக்குக் காட்டினார்கள். வாஷிங்டனில் கடற்படைத் தளபதி ஸம்வால்ட், தீவு மக்களைப் பற்றி வந்த கோப்பில் அவர்கள் கட்டாயம் போயே ஆக வேண்டும் என்று ஒரே வரியில் எழுதினார். 1971-இல், அந்தத் தீவுகளில் ஒன்றான டியேகோ கார்சியாவில் அந்த மக்களின் நாய்களைப் பிடித்து, கொப்பரை உலர்த்தும் கொட்டகையில் அடைத்து, வண்டிப் புகையை உள்ளே விட்டுக் கொன்றார்கள். கப்பலுக்குக் காத்திருந்த குழந்தைகள் அதைக் கேட்டுக்கொண்டு நின்றார்கள். மொரிஷியஸிலும் செஷல்ஸிலும் துறைமுகத்தில் இறக்கிவிட்டுப் போய்விட்டார்கள். வீடு இல்லை, வேலை இல்லை.

இதை 1975-இல் அமெரிக்க மக்களுக்கு வெளிச்சம் போட்டுக் காட்டியது வாஷிங்டன் போஸ்ட். அமெரிக்க விமர்சனம் என்றால் எனக்கு மரியாதை வருவது இந்த மாதிரி இடத்தில். தங்கள் அரசின் கையையும் சேர்த்துக் காட்டினார்கள்.

2019-இல் ஐ.நா. பொதுச்சபை தீவுகளை மொரிஷியஸுக்குத் திருப்பிக் கொடுக்கச் சொன்னபோது 116 நாடுகள் ஆதரித்தன, இந்தியாவும் அதில் ஒன்று. எதிர்த்த 6 நாடுகளில் பிரிட்டனோடு அமெரிக்காவும் இருந்தது. 2025 மே மாதம் பிரிட்டன் மொரிஷியஸோடு ஒப்பந்தம் போட்டு, டியேகோ கார்சியா தளத்தை மட்டும் 99 ஆண்டுக் குத்தகைக்கு வைத்துக்கொண்டபோது வாஷிங்டன் வரவேற்றது. எட்டு மாதம் கழித்து ட்ரம்ப் அதையே மகா முட்டாள்தனம் என்றார். இந்த ஒப்பந்தப் பேச்சிலும் சாகோஸ் மக்களுக்கு நாற்காலி போடப்படவில்லை. உங்கள் ஊரில் பலர் இதனால் கோபத்தில் இருக்கிறார்கள். அவர்கள் கோபத்துக்கும் ட்ரம்பின் பேச்சுக்கும் சம்பந்தமே கிடையாது.

மதுரைப் பெரியப்பாவின் "நல்லா வேணும்" பற்றி. அந்த ஆத்திரத்தில் நியாயம் இருக்கிறது, எனக்கும் அது உண்டு. பிரிட்டிஷ் ஆட்சியை அமெரிக்கர்கள் கண்டித்தது ஒரு காலத்தில் நமக்கு உதவியும் இருக்கிறது. 1942-இல் ரூஸ்வெல்ட் இந்தியாவுக்குத் தன்னாட்சி கொடுக்கச் சொல்லிச் சர்ச்சிலுக்குக் கடிதம் எழுதினார், தன் பிரதிநிதியாக லூயிஸ் ஜான்சனை டெல்லிக்கு அனுப்பினார். சர்ச்சில் பதவி விலகுவேன் என்கிற அளவுக்குப் போனதும் அதோடு விட்டுவிட்டார். ஆகஸ்டில் காந்தியைக் கைது செய்தபோது வெளிப்படையாக ஒரு வார்த்தை பேசவில்லை. போருக்குப் பிரிட்டன் தேவைப்பட்டது. பிரிட்டனைப் பற்றிய அமெரிக்க விமர்சனம் அன்றிலிருந்தே இப்படித்தான், தன் தேவை குறுக்கே வரும் இடத்தில் நின்றுவிடும்.

உங்கள் கேள்வி, என்ன பதில் சொல்வது. மிசிசிப்பிக்கெல்லாம் பதில் சொல்லி உங்கள் சாயங்காலத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். பேச்சுரிமைச் சட்டம் மாற வேண்டும் என்று உங்கள் தொகுதி எம்.பி.க்கு எழுதுங்கள், அந்த உரிமை டல்லாஸ் தம்பிக்குக் கிடையாது, உங்களுக்கு உண்டு.

ராணுவத்தைப் பற்றிய வீடியோ வந்தால் மட்டும் சும்மா இருக்காதீர்கள். உறுப்பு நாடு ஒன்றைத் தாக்கினால் எல்லாரையும் தாக்கியதாகும் என்கிற ஒப்பந்தத்தின் 5-ஆவது பிரிவை நேட்டோ இதுவரை ஒரே தடவைதான் கையில் எடுத்திருக்கிறது, 2001 செப்டம்பரில், அமெரிக்கா தாக்கப்பட்டதற்காக. பிரிட்டன் போனது. ஆப்கானிஸ்தானில் 457 பேரைப் பறிகொடுத்தது. 2002 ஜூலையில் டோனி பிளேர், என்ன ஆனாலும் உங்களோடு இருப்பேன் என்று புஷ்ஷுக்குக் குறிப்பு அனுப்பி, மறு வருஷம் இராக்குக்கும் போனார். அங்கே 179 பேர். இராக் போர் பெரிய தப்பு, அந்தப் பழி முதலில் பிளேருடையதுதான். ஆனால் நேட்டோ படைகள் ஆப்கானிஸ்தானில் முன்வரிசையிலிருந்து சற்றுத் தள்ளியே நின்றன என்று 2026 ஜனவரியில் ட்ரம்ப் சொன்னாரே, அதை உங்கள் தம்பி குழுவில் போட்டிருந்தால், அந்த 457 பேரும் யார் கூப்பிட்டு அங்கே போனார்கள் என்று அவனிடம் கேளுங்கள்.

அன்புடன்.