115 கிலோ எடைக்கு எந்த மெத்தை?

அண்ணன், உங்கள் எடை 115 கிலோ, ஹட்டனில் வாங்கிய போம் மெத்தை ஒரே வருஷத்தில் இடுப்புப் படும் இடத்தில் குழிந்துவிட்டது என்று எழுதியிருந்தீர்கள். கடையில் தடிப்பை மட்டும் பார்க்காமல் அடர்த்தியைக் கேளுங்கள். கன மீட்டருக்கு 32 கிலோவுக்குக் குறைந்த போம் உங்களுக்குத் தாங்காது. மெமரி போம், அதாவது உடல் சூட்டில் இளகி அமுங்கும் வகை, நம்ம மலைநாட்டுக் குளிருக்கு இறுகிப்போகும். எனக்கு அது பிடிக்காது. காசு இடம் கொடுத்தால் இயற்கை இறப்பர் மெத்தை, 8 அங்குலமாவது எடுங்கள். இல்லையென்றால் இறப்பர் பால் சேர்த்து அழுத்திய தும்பு மெத்தை.

அதற்கு முதல் பழைய மெத்தையைத் தூக்கிக் கட்டிலைப் பாருங்கள். பலகைகளுக்கு நடுவே 3 அங்குலத்துக்கு மேல் இடைவெளி இருந்தாலோ, நடுவில் கால் இல்லாவிட்டாலோ புது மெத்தையும் சீக்கிரம் தொய்யும். அதற்காக முழுப் பலகை அடித்து மூடிவிடாதீர்கள், மழைக்காலத்தில் அடியில் பூஞ்சணம் பிடிக்கும்.