இந்த வளவு யாருடைய சீதனம்? பரம்பரை தேடுவோருக்குச் சில பதில்கள்

முப்பத்தைந்து வருடம் யாழ்ப்பாணத்தில் காணிப் பத்திரமான உறுதியை எழுதும் ஒரு நொத்தாரிசிடம் கிளாக்கராக இருந்தவன் நான். பழைய உறுதி வாசித்துப் பழகிய கண், அவ்வளவுதான் என் தகுதி. வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

அப்பப்பாவின் பிறப்பத்தாட்சி இல்லை. 1995 இடப்பெயர்வில் வீட்டில் இருந்த பெட்டகத்தோடு எல்லாம் போய்விட்டது. எங்கே தொடங்குவது, ஐயா? (ரொறன்ரோவிலிருந்து)

தம்பி, கந்தோரில் (அரச அலுவலகத்தில்) தொடங்க வேண்டாம். குடும்பத்தில் மூத்த மாமியிடமோ பெரியம்மாவிடமோ தொடங்குங்கள். "பூட்டனின் பெயர் என்ன?" என்று கேட்டால் தெரியாது என்பார்கள். "இந்த வளவு யாருடைய சீதனம்?" என்று கேட்டுப் பாருங்கள் (வளவு என்றால் வீட்டுக் காணி). அரை மணி நேரம் கதை வரும், பழைய சண்டைகளும் சேர்த்து. அப்புறம், ஆடி அமாவாசைக்குக் கீரிமலைக்குப் போகிற சித்தப்பா யாராவது இருந்தால் அவரைப் பிடியுங்கள். ஐயரிடம் தகப்பன், பாட்டன், பூட்டன் என்று மூன்று தலைமுறையின் பெயரைச் சொல்லித்தான் தர்ப்பணம். தாய்வழிப் பெயரும் சொல்ல வேண்டும். அந்தப் பெயர்களை எழுதிய துண்டு பஞ்சாங்கத்துக்குள் மடித்துக் கிடக்கும்.

பழைய சீதன உறுதி ஒன்று கிடைத்தது. அதில் "வள்ளிப்பிள்ளை" என்று ஒரு பெயர். யார் இந்த ஆண்? (நல்லூரிலிருந்து)

ஆண் இல்லை, பிள்ளை! யாழ்ப்பாணத்தில் பெண்களுக்கும் "பிள்ளை" வரும். உங்களுக்குக் கிடைத்தது புதையல்.

யாழ்ப்பாணத்தாரின் வழமைச் சட்டமான தேசவழமையை 1707இல் ஒல்லாந்தருக்காகக் கிளாஸ் ஐசாக்ஸ் எழுதிவைத்தார். அந்த வழமையில் முதுசம் (தகப்பன்வழிப் பரம்பரைச் சொத்து) ஆண்பிள்ளைகளுக்கு, தாயின் சீதனம் பெண்பிள்ளைகளுக்கு. 1911இல் சட்டம் மாறியது. ஆனாலும் அதற்கு முந்திய காணிகளில் தாய், தாயின் தாய், அவளின் தாய் என்று பெண்வழி ஓடுவதைப் பார்க்கலாம். மற்ற இடங்களில் பெண்களின் பெயர்தான் முதலில் அழியும். இங்கே காணி அதைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. அதனால்தான் ஆண்வழியை மட்டும் தேடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும்.

உறுதியை இப்படி வாசியுங்கள். காணியின் பெயரும் பரப்புக் கணக்கும் (ஒரு பரப்பு 18 குழி) வந்தபின் நாலு எல்லை வரும்: "கிழக்கு வேலர் மகன் கந்தரும் பங்குக்காரரும்" என்பது போல. அந்தப் பங்குக்காரர் பெரும்பாலும் உங்கள் ஆட்கள்தான். ஒரே வளவைச் சகோதரங்கள் பிரித்து எடுத்ததால் வந்த எல்லை அது. அடுத்து, கொடுப்பவருக்குக் காணி எப்படி வந்தது என்ற பந்தி. "தாய்க்குச் சீதன உறுதிப்படி வந்து" என்று முந்திய உறுதியின் இலக்கமும், திகதியும், நொத்தாரிசின் பெயரும் அதில் இருக்கும். அதைக் கொண்டுபோய்க் காணிப் பதிவகத்தில் கேளுங்கள். ஒவ்வொரு உறுதியின் இரண்டாம் பிரதியையும் நொத்தாரிசு அங்கே அனுப்ப வேண்டும் என்பது சட்டம். அதனால் வீட்டுப் பிரதி எரிந்தாலும் தேட ஓர் இடம் உண்டு. ஒரு உறுதி இன்னொன்றைக் காட்டும், அது மற்றொன்றை.

கல்வெட்டில் இறந்த வருடம் "விய" என்று இருக்கிறது. எந்த ஆண்டு?

அந்தியேட்டிக்கு (மரணத்துக்குப் பின் செய்யும் கிரியை) அச்சடிக்கும் நினைவுப் புத்தகமான கல்வெட்டில் திதி வெண்பா இருக்கும். வருடம், மாதம், பட்சம், திதி எல்லாம் அதில் அடங்கும். சிக்கல் என்னவென்றால் அறுபது வருடத்துக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பி வரும். விய என்றால் 1886-87 ஆகலாம், 1946-47 ஆகலாம், 2006-07 ஆகலாம்.

இதில் நானே விழுந்திருக்கிறேன். என் தாய்வழிப் பூட்டனும் அவருடைய பேரனும் ஒரே பெயர். பேரன் என்ற சொல்லே பெயரன் என்பதிலிருந்து வந்ததுதானே, பாட்டனின் பெயரை வைப்பதுதான் வழக்கம். பேரனின் கல்வெட்டை வைத்துக்கொண்டு பூட்டனை 1886இல் சாகடித்துவிட்டேன். இரண்டு வருடம் கழித்து அவர் 1903இல் கையெழுத்து வைத்த உறுதி ஒன்று கிடைத்தது. செத்தவர் கையெழுத்து வைக்க மாட்டார் அல்லவா! அதற்குப் பிறகு உறுதியோ வழக்கோ சாட்சி சொல்லாமல் வெண்பாவை நம்புவதில்லை. நூலகம் இணையத்தளத்தில் நிறையக் கல்வெட்டுகளை ஸ்கான் செய்து வைத்திருக்கிறார்கள். உங்கள் ஊர்ப் பெயரைப் போட்டுத் தேடுங்கள், சம்பந்தி வீட்டுக் கல்வெட்டிலும் உங்கள் ஆட்கள் இருப்பார்கள்.

எங்கள் குடும்பத்துக்குக் காணியே இல்லை. அப்போ எங்களுக்கு வரலாறு இல்லையா?

கோபம் நியாயம். உறுதி, தோம்பு (பழைய காணிப் பதிவேடு) எல்லாம் காணிக்காரரின் காகிதம். அடுத்தவர் காணியில் குடியிருந்தவர்களை அது பெரும்பாலும் கண்டுகொள்ளாது. உங்களுக்குப் பள்ளிக்கூடத்துச் சேர்வு இடாப்புதான் (பதிவேடு) முதல் வாசல். பிள்ளையின் பெயர், தகப்பன் பெயர், பிறந்த திகதி இருக்கும். சர்வசன வாக்குரிமை 1931இல் வந்ததால் காணி இல்லாதவரும், பெண்களும் வாக்காளர் இடாப்பில் ஏறினார்கள். அந்த வருடத் தேர்தலை யாழ்ப்பாணம் பகிஷ்கரித்தது வேறு கதை. கத்தோலிக்கக் குடும்பம் என்றால் கோயிலின் ஞானஸ்நான, விவாகப் புத்தகங்களைப் பாருங்கள், ஞானத்தாய் ஞானத்தகப்பன் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். அவர்கள் பெரும்பாலும் சொந்தக்காரர்.

பூட்டனின் பெயருக்கு முன்னால் ஒரு வெள்ளைக்காரப் பெயர். கலப்போ?

அநேகமாக இல்லை. 1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினரியில் படித்தவர்களுக்கு, பணம் கொடுத்த அமெரிக்கரின் பெயரை வைப்பது வழக்கம். கரோல் விசுவநாதபிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை எல்லாரும் நம்ம ஆட்கள்தான்.

அம்மப்பா மலாயா பென்சன்காரர். அங்கே ஏதாவது கிடைக்குமா?

கிடைக்கலாம். சிங்கப்பூர்த் தேசிய நூலகத்தின் பழைய பத்திரிகைத் தொகுப்பை இணையத்தில் சும்மா பார்க்கலாம். உத்தியோக மாற்றம், கலியாணம், மரணம் என்று சின்னச் சின்னச் செய்திகள். ஆங்கிலத்தில் பெயரை ஆறு விதமாக எழுதியிருப்பார்கள், ஆறையும் போட்டுத் தேடுங்கள். பெயர் அகப்படாவிட்டால் அவர் ரயில்வேயில் இருந்தவர் என்றால் வேலை செய்த நிலையத்தின் பெயரைப் போடுங்கள்.