மாலை மாற்றினால் போதுமா? சுயமரியாதைத் திருமணம் குறித்த கேள்வி பதில்

சடங்குகளைத் தவிர்த்துத் திருமணம் செய்துகொள்ள விரும்புவோரும் அவர்களுடைய பெற்றோரும் அனுப்பிய கேள்விகளுக்கு, இத்தகைய திருமணங்களைப் பல ஆண்டுகளாகப் பதிவு செய்து கொடுத்துவரும் வழக்கறிஞர் ஒருவரின் பதில்கள்.

கேள்வி: முகூர்த்த நேரம், ஓமம், புரோகிதர் எதிலும் எனக்கு நம்பிக்கை இல்லை. குடும்பம் முழுவதும் ஒரு பக்கம் நிற்க, நான் ஒருவன் மட்டும் மறுப்பது திமிர் ஆகாதா? (தஞ்சாவூர் இளைஞர்)

பதில்: ஒரு கருத்தை எத்தனை பேர் சொல்கிறார்கள் என்பது அது எவ்வளவு பரவியிருக்கிறது என்பதை மட்டுமே காட்டும். அது சரியா என்பதை உங்கள் அறிவைக்கொண்டு நீங்கள்தான் ஆராய வேண்டும். அருப்புக்கோட்டைக்கு அருகிலுள்ள சுக்கிலநத்தத்தில் 1928-இல் பெரியார் தலைமையில் நடந்ததையே முதல் சுயமரியாதைத் திருமணமாகக் குறிப்பிடுகிறார்கள். அன்று மணமேடையில் நின்றவர்களுக்குச் சட்டத்தின் துணையும் இல்லை, சுட்டிக்காட்ட ஒரு முன்மாதிரியும் இல்லை. வேண்டுமென்றே ராகுகாலத்தில் நடத்தப்பட்ட திருமணங்களும் பின்னர் உண்டு. இருந்தாலும், ஆராய்ந்து மறுப்பது வேறு, வீட்டாரின் மேலுள்ள கோபத்தில் மறுப்பது வேறு. பொருள் விளங்காத மந்திரம் ஏன் வேண்டாம் என்பதை உங்கள் பாட்டிக்குப் புரியும்படி பொறுமையாகச் சொல்ல முடிந்தால், அது திமிர் அல்ல. முடியாவிட்டால் இன்னும் சில நாட்கள் யோசியுங்கள்.

கேள்வி: வெறும் மாலை மாற்றிக்கொண்டால் சட்டப்படி செல்லுமா? (மதுரை ஆசிரியை)

பதில்: செல்லும். இந்துத் திருமணச் சட்டத்தில் தமிழ்நாடு சேர்த்த 7ஏ பிரிவின்படி, உறவினர்கள், நண்பர்கள் அல்லது பிறர் முன்னிலையில், இருவருக்கும் புரியும் மொழியில் ஒருவரையொருவர் வாழ்க்கைத்துணையாக ஏற்பதாக அறிவித்தாலோ, மாலையோ மோதிரமோ மாற்றிக்கொண்டாலோ, தாலி கட்டினாலோ போதும்; இவற்றுள் ஒன்றே போதுமானது. பெரிய கூட்டம் கூட்டி ஊரறியச் செய்ய வேண்டிய கட்டாயம் இல்லை என்பதை உச்ச நீதிமன்றம் 2023-இல் தெளிவுபடுத்தியது. ஆனால் இப்பிரிவு சட்டத்தின் பார்வையில் இருவரும் இந்துக்களாக இருந்தால் மட்டுமே பொருந்தும். மதம் மாறாமல் வேற்று மதத்தவரை மணப்பவர்கள் 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்தை நாட வேண்டும். எதுவானாலும் பதிவு செய்துவிடுங்கள். சுயமாக முடிவெடுப்பவர்களுக்குத்தான் ஆவணம் அதிகம் தேவைப்படுகிறது.

கேள்வி: இச்சட்டம் வருவதற்கு முன்பு மணந்தவர்களின் நிலை என்ன? (சேலம் மாணவி)

பதில்: நான் அதிகம் நினைத்துப்பார்ப்பது அவர்களைத்தான். 1953-இல் சென்னை உயர் நீதிமன்றம், இம்முறையில் நடந்த ஒரு திருமணம் இந்துச் சட்டப்படி செல்லாது என்று தீர்ப்பளித்தது. ஊர் வாய்க்குப் பயப்படாமல் வாழ்ந்த தம்பதியருக்கு, தங்கள் பிள்ளைகள் முறைப்படி பிறந்தவர்களா, அவர்களுக்குச் சொத்துரிமை உண்டா என்ற கேள்வி நீதிமன்றத்தின் வாயிலாகவே வந்து நின்றது. ஏளனத்தைத் தாங்குவதைக் காட்டிலும் இது கடினமானது என்று நான் கருதுகிறேன். ஏனெனில் இங்கே விலை கொடுக்க வேண்டியவர்கள் முடிவெடுத்தவர்கள் மட்டுமல்லர், பிள்ளைகளும்தான். அதன் பிறகும் இத்தகைய திருமணங்கள் நின்றுவிடவில்லை. அண்ணா முதலமைச்சராக இருந்தபோது 1967-இல் சட்டத்திருத்தம் நிறைவேறி, 1968 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் நடந்த சுயமரியாதைத் திருமணங்களையும் அது செல்லுபடியாக்கியது. சுக்கிலநத்தத்திலிருந்து கணக்கிட்டால் ஏறத்தாழ 40 ஆண்டுகள். சட்டம் வந்ததால் மக்கள் இப்படி மணக்கத் தொடங்கவில்லை. மக்கள் மணந்துகொண்டே இருந்ததால்தான் சட்டம் வந்தது.

கேள்வி: எனக்குக் கடவுள் நம்பிக்கை உண்டு. நான் இப்படி மணக்கலாமா? (நாகர்கோவில்)

பதில்: தாராளமாக. 7ஏ பிரிவு எவருடைய நம்பிக்கையையும் விசாரிப்பதில்லை.

கேள்வி: எனக்குத் தாலி அணிய விருப்பம். ஆனால் இயக்கத்திலுள்ள தோழிகள் அது அடிமைச் சின்னம் என்று கடிந்துகொள்கிறார்கள். (கோவை)

பதில்: தாலியை நான் அணியவில்லை, அதற்கான காரணங்களை நீங்கள் கேட்டால் ஒரு மணி நேரம் பேசுவேன். ஆனால் என் காரணங்கள் உங்களுடையவை ஆகிவிடா. பெரியாரே தம் கூட்டங்களில், தாம் சொல்வதால் ஏற்காமல் சொந்த அறிவால் சிந்தித்துச் சரியென்று பட்டால் மட்டும் ஏற்குமாறு திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டார். உறவினருக்குப் பயந்து தாலி கட்டிக்கொள்வதும் தோழிகளுக்குப் பயந்து கழற்றுவதும் ஒரே பயத்தின் இரண்டு வடிவங்கள்தாம். ஆண் எதையும் அணியாதபோது பெண் மட்டும் ஏன் அணிய வேண்டும் என்ற கேள்வியைத் தனிமையில், நேர்மையாக உங்களையே கேளுங்கள். கிடைக்கும் விடை எதுவாக இருந்தாலும் அதன்படி நடங்கள். சட்டம் இரண்டையும் ஏற்கிறது.

கேள்வி: என் மகன் இப்படித்தான் மணப்பேன் என்கிறான். எனக்கு மறுப்பில்லை, ஆனால் அண்ணன் தம்பிகள் முகத்தில் எப்படி விழிப்பேன்? (திருநெல்வேலி, ஓய்வுபெற்ற அரசு ஊழியர்)

பதில்: ஐயா, உங்களுக்கு மறுப்பில்லை என்பதை முதலில் மகனிடம் சொல்லிவிட்டீர்களா? பல வீடுகளில் தந்தையர் என்னிடம் சொன்னதைப் பிள்ளைகளிடம் சொன்னதே இல்லை. இரண்டாவதாக, அழைப்பிதழ் அச்சாவதற்கு முன்பே சகோதரர்களின் வீடுகளுக்கு நேரில் சென்று, இது எங்கள் வீட்டின் முடிவு என்று கூறுங்கள். பையனின் பிடிவாதம் என்று சொல்லாதீர்கள். சொன்னால் அவனைத் தனியாக நிறுத்திவிடுவீர்கள். இத்திருமணத்திற்குத் தலைவர் ஒருவர் வர வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. மணமக்கள் சம்மதித்தால், உறுதிமொழியின் வரிகளை நீங்களே ஒவ்வொன்றாக வாசிக்க, அவர்கள் திருப்பிச் சொல்லட்டும். சகோதரர்கள் வந்தால் முன்வரிசையில் அமர வையுங்கள். பதிவுக்குச் சாட்சிக் கையெழுத்து தேவைப்படும், அதை அவர்களிடமே கேளுங்கள்.