விரும்பிய நேரத்தில் விரும்பிய படம்: சில கேள்விகளும் பதில்களும்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரைச் சேர்ந்த சாட்ஸ்வொர்த்தில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் வீடியோ கேசட் வாடகைக் கடை நடத்தினேன். இப்போது வீடுகளில் இணையத் தொலைக்காட்சியை அமைத்துக் கொடுக்கிறேன். விரும்பிய படத்தை விரும்பிய நேரத்தில் பார்க்கும் வசதி நம் வீட்டுப் பழக்கங்களை எப்படி மாற்றியிருக்கிறது என்று பலரும் கேட்டவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன்.

கேள்வி: முன்பு ஒரே ஒரு படத்துக்காக வாரம் முழுவதும் காத்திருந்தோம். இன்று ஆயிரக்கணக்கில் இருந்தும், அரை மணி நேரம் தேடிவிட்டு எதையும் பார்க்காமலே படுத்துவிடுகிறேன். ஏன்? (ஓய்வுபெற்ற ஆசிரியர், சாட்ஸ்வொர்த்)

ஐயா, தென்னாப்பிரிக்காவில் தொலைக்காட்சி ஒளிபரப்பே 1976 ஜனவரி 5 அன்றுதான் முறையாகத் தொடங்கியது. அதற்கு முன், டர்பன் கிரே தெருப் பகுதியில் இருந்த அவலான், ஷாஜஹான் போன்ற திரையரங்குகள் எதைத் திரையிட்டனவோ அதுதான் நமக்குப் படம். கேசட் வந்த பிறகும் தேர்ந்தெடுக்கும் வேலையில் பெரும்பகுதியைக் கடைக்காரனே செய்தான். என் கடைப் பேரேட்டில் ஒரே தமிழ்ப் படத்தின் கீழ் ஐந்தாறு குடும்பங்களின் பெயர்கள் வரிசையாக இருக்கும். பல வீடுகள் சுற்றி வந்த கேசட்டைப் போட்டுப் பார்த்தால், பாட்டு வரும் இடங்களில் மட்டும் திரையில் வெள்ளைக் கோடுகள் ஓடும். எல்லோரும் அதே இடத்தைப் பின்னோக்கிச் சுற்றிச் சுற்றிப் பார்த்திருப்பார்கள். விரும்பியதை விரும்பியபோது பார்க்கும் ஆசை அன்றே இருந்தது என்பதற்கு அந்தக் கோடுகளே சான்று. இன்று மாறியிருப்பது, தேர்ந்தெடுக்கும் சுமை முழுவதும் நம் தலையில் வந்து விழுந்திருப்பதுதான். ஆகவே, தேடுவதையும் பார்ப்பதையும் ஒரே மாலையில் வைத்துக்கொள்ளாதீர்கள். ஞாயிறு காலையில் மூன்று படங்களைப் பட்டியலில் சேர்த்து வையுங்கள். அந்த வாரம் அதற்கு வெளியே போக வேண்டாம்.

கேள்வி: மாதத் தொடக்கத்தில் வாங்கும் டேட்டா பத்தே நாளில் தீர்ந்துவிடுகிறது. என்ன செய்யலாம்? (இல்லத்தரசி, ஃபீனிக்ஸ்)

நெட்ஃபிளிக்ஸ் தரும் கணக்குப்படி, சாதாரணத் தரத்தில் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 1 கிகாபைட்டும், உயர் தரத்தில் 3 கிகாபைட் வரையிலும், அதைவிடத் தெளிவான 4கே தரத்தில் 7 கிகாபைட் வரையிலும் செலவாகும். படம் சில விநாடித் துண்டுகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு துண்டும் பல தரங்களில் தயாராக இருக்கிறது. இணைப்பு வேகமாக இருந்தால் செயலி தானாகவே உயர்ந்த தரத்தை எடுத்துக்கொள்ளும். கைப்பேசியின் சிறு திரையில் அந்த உயர்வு பெரிதாகத் தெரியாது, செலவு மட்டும் கூடும். அமைப்புப் பகுதியில் தரத்தைக் குறைத்து நிறுத்துங்கள், அம்மா. வைஃபை கிடைக்கும் இடத்தில் முன்கூட்டியே பதிவிறக்கிக்கொள்வது இன்னும் நல்லது. 2023இல் மின்வெட்டு மிகக் கடுமையாக இருந்தபோது நம்மில் பலர் இந்தப் பழக்கத்துக்கு வந்தோம். ஆனால் சில படங்கள் பார்க்கத் தொடங்கிய 48 மணி நேரத்தில் காலாவதியாகிவிடும் என்பதை நினைவில் வையுங்கள்.

கேள்வி: சென்னையில் என் தம்பி பார்க்கும் படம் இங்கே வருவதில்லை, சென்ற மாதம் இருந்த படமும் இப்போது காணோம். (லெனேசியா)

ஒளிபரப்பு உரிமை நாடுவாரியாகவும் குறிப்பிட்ட காலத்துக்கும் விற்கப்படுகிறது. நாம் மாதக் கட்டணத்தில் வாங்குவது பார்க்கும் அனுமதியை மட்டுமே. உயிருக்குயிரான படம் என்றால், குறுந்தட்டு கிடைக்கும்போதே வாங்கி அலமாரியில் வைத்துவிடுங்கள். என் வீட்டில் அப்படித்தான் செய்கிறேன்.

கேள்வி: மகன் இரவு இரண்டு மணி வரை தொடர் பார்க்கிறான். (டோங்காட்)

முன்பு ஒரு பகுதி முடிந்தால் அடுத்த வாரம் வரை காத்திருக்க வேண்டும். 2013இல் நெட்ஃபிளிக்ஸ் ஒரு தொடரின் முதல் பருவம் முழுவதையும் ஒரே நாளில் வெளியிட்டது. அந்த வழக்கம் பரவிய பிறகு, நிறுத்தும் இடத்தைப் பார்ப்பவரே தேட வேண்டியதாயிற்று. அடுத்த பகுதி தானாகத் தொடங்கும் வசதியை அவருடைய கணக்கில் நிறுத்திவிடுங்கள். மகனுக்குச் சொல்லிவிட்டு, அவர் கையாலேயே நிறுத்தச் செய்வதுதான் முறை.

கேள்வி: எங்கள் வீட்டில் ஆயாவுக்கு (பாட்டிக்கு) தமிழ்ப் படம்தான் வேண்டும், பிள்ளைகளுக்குத் தமிழ் புரியாது. ஆளுக்கொரு அறையில் ஆளுக்கொரு திரை. சேர்ந்து பார்க்க வழி உண்டா? (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

எனக்கு மிகவும் நெருக்கமான கேள்வி இது. நம்மில் பெரும்பாலான பிள்ளைகளுக்கு வீட்டு மொழி ஆங்கிலமாகிவிட்டது. தமிழ் காதில் விழும் வாய்ப்பே குறைவு. பழைய கேசட்டுகள் பலவற்றில், வசனத்தின் பொருளைத் திரையின் கீழே காட்டும் துணைவரிகள் கிடையா; ஆயா பார்ப்பார், பிள்ளைகள் எழுந்து போய்விடுவார்கள். இன்று ஒலியைத் தமிழிலேயே விட்டுவிட்டு ஆங்கிலத் துணைவரிகளைப் போட்டுக்கொள்ள முடிகிறது. ஆங்கில ஒலி இருந்தாலும் அதற்கு மாற்றாதீர்கள்.

வாரத்தில் ஒரு மாலையைக் குறித்துக்கொள்ளுங்கள். படத்தை ஆயா தேர்ந்தெடுக்கட்டும், ரிமோட் பிள்ளைகளின் கையில் இருக்கட்டும். சென்ற ஆண்டு நான் பெட்டி பொருத்திக் கொடுத்த ஒரு வீட்டில், படத்தில் "கோவிச்சுக்கிட்டியா" என்று ஒரு வசனம் வந்தது. கீழே ஆங்கில வரி வேறு எதையோ சொன்னது. பத்து வயதுப் பேத்தி படத்தை நிறுத்திவிட்டு அதற்கு என்ன பொருள் என்று கேட்டாள். ஆயா சொல்லிக் காட்டிய பிறகு, படம் ஓடத் தொடங்கக் கால் மணி நேரம் ஆயிற்று. அந்தக் கால் மணி நேரத்துக்காகத்தான் நிறுத்தும் பொத்தானைப் பிள்ளைகளிடம் கொடுக்கச் சொல்கிறேன்.