கடையில் ‘டிஸ்க் போச்சு’ என்றால் முதலில் டிஎஃப் கட்டளையை அடித்துப் பாருங்கள்

களுவாஞ்சிகுடியில் தனியார் வகுப்பு நடத்தும் ஆசிரியை ஒருவர் கேட்கிறார்: “எங்கள் வகுப்புக் கணினியில் உபுண்டு இயக்க முறைமை போட்டுத் தந்த தம்பி இப்போது கட்டாரில். நாலு நாளாகக் கடவுச்சொல்லை அடித்தால் திரை ஒருதரம் இருண்டு, திரும்பவும் கடவுச்சொல்லையே கேட்கிறது. ஹார்ட் டிஸ்க் போய்விட்டது, புதிது போட வேண்டும், உள்ளே இருப்பதை எடுக்கத் தனிக் காசு என்கிறார்கள் கடையில். ஏ.எல். பிள்ளைகளின் வினாத்தாள்கள் முழுக்க அதில்தான். இரவில் தானாக வெளி டிஸ்கில் பிரதி எடுக்கும். அந்த டிஸ்கை மகன் போன மாதம் கழற்றிக்கொண்டு போய், இப்போதுதான் திரும்பச் சொருகினான். டிஸ்கை மாற்றத்தான் வேண்டுமா?”

காசு கொடுக்காதீர்கள் டீச்சர். கணினியைக் கடையில் விட்டிருந்தால் இன்றே வீட்டுக்கு எடுத்து வாருங்கள்.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் டிஸ்க் நிரம்பியிருக்கிறது. உள்ளே நுழையும்போது உபுண்டு உங்கள் பெயரில் சில சின்னக் கோப்புகளை எழுதியாக வேண்டும். எழுத இடமில்லாவிட்டால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும். டிஸ்க் உண்மையாகவே சாகிறதென்றால் பெரும்பாலும் ‘இன்புட் அவுட்புட் எரர்’ என்ற வாசகம் கண்ணில் படும். அது வந்தால் மட்டும் வேறொன்றையும் தொடாமல் வினாத்தாள்களை முதலில் வெளியே எடுங்கள்.

கடவுச்சொல் கேட்கும் திரையில் கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். கறுப்புத் திரையில் பயனர் பெயர் கேட்கும், பிறகு கடவுச்சொல். கடவுச்சொல் அடிக்கும்போது அங்கே ஒரு புள்ளிகூட விழாது. விசைப்பலகை பழுது என்று நினைத்துப் பலர் இந்த இடத்தில் கைவிடுகிறார்கள். அடித்துவிட்டு என்டரைத் தட்டுங்கள், போதும்.

இனி டிஎஃப், டிஸ்கில் எவ்வளவு இடம் நிரம்பியிருக்கிறது என்று காட்டும் கட்டளை. டிஸ்க் என்பதன் முதல் எழுத்து, ஃப்ரீ என்பதன் முதல் எழுத்து, இரண்டும் சிற்றெழுத்தில். ஓர் இடைவெளி விட்டு ஒரு சிறு கோடு, அதோடு ஒட்டி எச், பிறகு என்டர். வரும் பட்டியலில் கடைசி நிரலில் வெறும் சாய்கோடு மட்டும் இருக்கும் வரியைத் தேடுங்கள். அதில் 100% என்றிருந்தால் நோய் அதுதான்.

இதிலே ஒரு பொறி இருக்கிறது. ‘லூப்’ என்ற பெயருள்ள வரிகள் எப்போதுமே 100%தான் காட்டும். அவை ஸ்னாப் என்ற நிறுவல் முறையில் வந்த மென்பொருட்களின் பொதிகள், வந்த நாளிலிருந்தே அப்படித்தான். அந்த வரிகளைக் காட்டி “பாருங்கோ, டிஸ்க் முடிஞ்சுது” என்று ஒரு வயதானவரிடம் காசு வாங்கியதை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். எந்தக் கடையானாலும் சரி, டிஸ்க் மாற்றினால் பழைய டிஸ்கைக் கையில் கேட்டு வாங்குங்கள். தரத் தயங்குகிறவரிடம் வேலை கொடுக்காதீர்கள். அந்த டிஸ்கில் உங்கள் பிள்ளைகளின் பெயர், தொலைபேசி எண் எல்லாம் இருக்கிறது.

இடத்தை விழுங்கியது எது? உங்கள் கடிதத்திலேயே அது இருக்கிறது. மகன் வெளி டிஸ்கைக் கழற்றிய பிறகும் இரவுப் பிரதி நிற்கவில்லை. வெளி டிஸ்க் பொருந்தும் கோப்புறை (டிஸ்கைச் சொருகினால் அதில் இருப்பதைக் காட்டும் இடம்), அனேகமாக ‘எம்என்டி’க்குள் இருக்கும் ‘பேக்கப்’, வெறும் கோப்புறையாக உள் டிஸ்கிலேயே கிடந்தது. ஒவ்வொரு இரவும் பிரதி அதற்குள் போய் விழுந்திருக்கிறது. இப்போது வெளி டிஸ்கைச் சொருகியதும் அது அந்தக் கோப்புறைக்கு மேலே பாய் விரித்த மாதிரி அமர்ந்துவிட்டது. பாய்க்குக் கீழே கிடப்பது தெரியாது. கோப்புறையின் அளவைச் சொல்லும் டியூ கட்டளைக்கும் தெரியாது. டிஎஃப் நிரம்பிவிட்டது என்கிறது, டியூ கூட்டிக் காட்டும் கணக்கோ பாதிகூட வராது. இதைக் கண்டுதான் பலர் டிஸ்கில் பழுது என்று முடிவு கட்டுகிறார்கள்.

ஆகவே பாயைச் சுருட்டுங்கள். ‘சூடோ யுமவுண்ட்’ என்று அடித்து, ஓர் இடைவெளி விட்டு அந்தக் கோப்புறையின் முழுப் பாதை, அதாவது சாய்கோடு, எம்என்டி, சாய்கோடு, பேக்கப் என்பதுபோல. ‘சூடோ’ என்றால் நிர்வாகி அதிகாரத்தோடு செய் என்று பொருள். யுமவுண்டில் யு எழுத்துக்குப் பின் என் கிடையாது. பிறகு வெளி டிஸ்கைக் கையால் கழற்றி மேசையில் வையுங்கள். இதை ஒருநாளும் தவிர்க்காதீர்கள், இல்லாவிட்டால் நல்ல பிரதியையே அழித்துவிடுவீர்கள். இப்போது உள்ளே இருப்பதைப் பட்டியலிடும் ‘எல்எஸ்’ அடித்து அதே பாதையைக் கொடுங்கள். காலியாக இருக்க வேண்டிய இடத்தில் கோப்புறைகள் வரிசையாகத் தெரிந்தால் அவைதான் தவறி விழுந்த பிரதிகள். மூல வினாத்தாள்கள் உங்கள் வீட்டுக் கோப்புறையில் இருக்கின்றனவா என்று திறந்து பார்த்த பிறகே அவற்றை ‘சூடோ ஆர்எம்’, இடைவெளி விட்டுச் சிறு கோடு, அதோடு ஒட்டி ஆர், பிறகு இடைவெளி விட்டு அழிக்க வேண்டிய கோப்புறையின் முழுப் பாதை என்று அடித்து அழியுங்கள். பாதையின் நடுவே ஓர் இடைவெளி தவறி விழுந்தால் ஒரு பெயர் இரண்டு பெயராக உடையும், இரண்டையும் அழிக்கப் பார்க்கும். குப்பைத்தொட்டி அங்கே இல்லை. யூடியூப் காணொளிக்குக் கீழே யாரோ எழுதிவைத்த ஆர்எம் வரியை அப்படியே ஒட்டாதீர்கள், எந்த அவசரத்திலும்.

கோப்புறை காலியாகவே இருந்தால் ‘சூடோ ஆப்ட் கிளீன்’ அடியுங்கள். இறக்கி முடிந்த பொதிகளை மட்டும் அது நீக்கும், ஆபத்தில்லை.

இதையெல்லாம் எழுதும்போது எனக்கு ஆத்திரம் வருகிறது. அம்பாறைப் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் டிஸ்க் நிரம்பிய கணினிகள் பழுதென்று பதியப்பட்டு, மூன்று விலைமனுக்களுக்காக ஒரு தவணை முழுக்கத் துணி போர்த்திக் கிடந்தன. அதே அறையில் பிள்ளைகள் இயக்க முறைமையின் வரைவிலக்கணத்தைப் பாடமாக்கிக்கொண்டிருந்தார்கள். டிஎஃப் அடிக்க ஒருவரும் அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

சரி, இடம் திரும்பியதும் ‘சூடோ ரீபூட்’. வழமைபோல உள்ளே போக முடியும். அப்புறம் கட்டாரில் இருக்கும் தம்பிக்கு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்புங்கள்: இரவுப் பிரதி தொடங்குமுன் ‘மவுண்ட்பாயின்ட்’ கட்டளையால் வெளி டிஸ்க் பொருந்தியிருக்கிறதா என்று பார்க்கட்டும், இல்லாவிட்டால் பிரதி எடுக்காமல் நிற்கட்டும். அவருக்கு அது ஐந்து நிமிட வேலை.